அப்பாயியின் கன்னத்தில் ஒரு கறை

ஜூன் 3

அப்பாயியின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் திறந்தேன். சட்டத்துக்குள் எப்போதோ தண்ணீர் இறங்கி, இடது கன்னத்தில் தேமல் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. ஆல்ட் விசையை அழுத்திப் பக்கத்துச் சாம்பலைத் தொட்டு எடுத்து, பிரஷால் பூசினேன். பிளாஸ்திரி ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. ஹார்ட்னெஸ் 100-ல் இருந்திருக்கிறது, விளிம்பு கத்தியால் நறுக்கினது போல விழுகிறது. 0-க்கு இறக்கினேன். விளிம்பு கரைந்தது, ஆனால் திரையில் தெரியும் வட்டத்துக்கு வெளியேயும் கசிந்து மூக்குத்தி மங்கிப்போனது. அப்பாயி இருந்திருந்தால் அதற்கு ஒரு பாட்டு விழுந்திருக்கும்.

ஜூன் 4

பிரஷ் வட்டத்தைக் காணோம். ஒரு சின்னக் கூட்டல் குறிதான் நகர்கிறது. மூடித் திறந்து பார்த்தேன், செட்டிங்ஸையெல்லாம் குடைந்தேன், ஒரு மணி நேரம் போனது. கேப்ஸ் லாக் ஆனில் இருந்தது. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 6

இன்று படத்தைத் தொடவில்லை. பிரஷுக்கு உள்ள ஓபாசிட்டி, ஃப்ளோ என்ற இரண்டு அளவுகளும் என்ன செய்கின்றன என்று வெற்று வெள்ளைப் பக்கத்தில் கறுப்பை வைத்துச் சோதனை.

ஓபாசிட்டி 50, ஃப்ளோ 100. மவுஸை விடாமல் ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் பாதிக் கறுப்புக்கு மேல் ஏறவில்லை. விட்டுவிட்டு அதே இடத்தில் மறுபடி இழுத்தால் 75. மிச்சமிருக்கிற வெள்ளையில் பாதியை மூடுகிறது.

அப்புறம் மாற்றிப் போட்டேன்: ஓபாசிட்டி 100, ஃப்ளோ 50. ஒரே இழுப்பிலேயே கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. 50 என்று போட்ட பிறகும் ஏன் இப்படி?

ஸ்பேசிங்கைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. நமக்குக் கோடாகத் தெரிவது, பிரஷ் வரிசையாகக் குத்திக்கொண்டே போகும் முத்திரைகள். ஸ்பேசிங் 25 என்றால், பிரஷ் விட்டத்தில் கால் பங்கு நகர்ந்ததும் அடுத்த முத்திரை. ஆக, கோட்டின் நடுவில் ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய நான்கு முத்திரை விழும். 50, 75, 87.5, கடைசியில் 93 சதவீதம் சொச்சம். கணக்கு இடிக்கவில்லை. ஸ்பேசிங்கை 120 ஆக்கியதும் பாசிமணி உதிர்ந்த மாதிரி தனித்தனி வட்டங்கள், எல்லாமே பாதிச் சாம்பல். இத்தனை நாளாக ஃப்ளோவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7

சித்தப்பா வந்திருந்தார். ஃபிலிம் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். தூசியால் பிரிண்டில் விழும் வெள்ளைப் புள்ளிகளை மயிரிழை பிரஷால் அடைத்துப் பழகிய கை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு மை தொட்டா அப்பிக்கும்டா. தண்ணியா கரைச்சுக்க. பிரஷை ஒத்தி எடுத்துட்டு, புள்ளி புள்ளியா வை. கம்மியா இருந்தா மேல வைக்கலாம், ஜாஸ்தியாயிட்டா என்ன பண்ணுவ?"

"அன்டூ இருக்கு சித்தப்பா."

"எனக்கு பேப்பர் காசு போகும்."

அவர் சொல்லும் தண்ணி மைதான் ஃப்ளோ. ஒரு இழுப்பில் கருமை எதுவரை ஏறலாம் என்று போடும் அணைதான் ஓபாசிட்டி. நேற்றைய சோதனையில் பாதி புரிந்தது இப்போது முழுசாகப் புரிந்தது.

ஜூன் 9

படத்தின் மேல் கண்ணாடித் தாள் விரித்த மாதிரி ஒரு புது லேயர். ஓபாசிட்டி 40, ஃப்ளோ 8, ஹார்ட்னெஸ் 0. வெறும் எண்ணைத் தட்டினால் ஓபாசிட்டி, ஷிஃப்டோடு தட்டினால் ஃப்ளோ. சதுர அடைப்புக்குறி விசைகளில் பிரஷ் அளவு. விரல்கள் பழகிவிட்டன. இரண்டு மணி நேரத்தில் திட்டு மறைந்தது. பூசின இடம் மட்டும் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருந்தது, பழைய படத்தின் மணல் அதில் இல்லையே. அந்த லேயரில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப்புள்ளிகள், சேர்த்ததும் சரியானது.

சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்கு அந்தக் கன்னத்துல ஒரு மச்சம் உண்டே, எங்க?"

கறை அதன் மேல்தான் இருந்திருக்கிறது. எந்த இடம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, பிரஷ் அளவு 6, ஹார்ட்னெஸ் 80, ஓபாசிட்டியும் ஃப்ளோவும் 100. ஒரே ஒரு சொடுக்கு.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.