பொனேர் நாட்குறிப்பு: மஞ்சள் கல் போட்ட கரையோரம்

நவம்பர் 16, 2024, சனி

விமானம் ஏறும் முன்பே தீவு காசு கேட்டுவிட்டது. நுழைவு வரி 75 டாலர், கடல் பூங்காவுக்கு இயற்கைக் கட்டணம் 40 டாலர், இரண்டும் தலைக்கு. இயற்கைக் கட்டணம் டிசம்பர் 31 வரைதான் செல்லும் என்று தெரிந்ததும் மச்சினன், "அப்போ நவம்பர்ல வர்றவனுக்கு நஷ்டம்தானே அத்தான்?" என்று ஆரம்பித்துவிட்டான். நியூஜெர்சியிலிருந்து வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

பொனேர் வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே கிடக்கும் வறண்ட தீவு. கள்ளி, ஆடு, கழுதை, ஓயாத கிழக்குக் காற்று. 2010 முதல் நெதர்லாந்தின் தனிச்சிறப்பு நகராட்சி. ஆனால் 2011 முதல் புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர். ஊரார் பேசுவது பாப்பியமெந்து. கடைக்குள் நுழையும்போது "பொன் தியா" என்று சொல்லாமல் நேராகச் சாமானைக் கேட்டால் முகம் கொஞ்சம் இறுகுகிறது. சொல்லிவிட்டால் போதும், சிரிப்புதான்.

மூச்சுக்காற்று டேங்கை மாட்டிக்கொண்டு முக்குளிக்கும் ஸ்கூபாவுக்கு இங்கே படகு அவசியமில்லை. பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் டேங்குகளை அடுக்கி, மேற்குக் கரைச் சாலையில் ஓட்டிப்போக வேண்டியதுதான். ஓரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கல் கிடந்தால் அது ஒரு டைவ் தளம். கல்லின் மேல் பெயரும் எழுதியிருக்கும். நிறுத்து, மாட்டு, இறங்கு. வண்டியைக் கொடுத்தவர் மட்டும் ஒன்று சொன்னார்: "உள்ளே எதுவும் வைக்காதீர்கள், கதவைப் பூட்டாதீர்கள், கண்ணாடியை இறக்கியே விடுங்கள்." திருடன் வந்தால் கண்ணாடியை உடைக்காமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு.

மச்சினன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். தளங்களின் பெயர், ஆழம், எதிரே ஒரு கட்டம். எனக்குப் பட்டியல் கிடையாது. இந்த வாரம் யார் பக்கம் போகிறது என்று பார்க்கலாம்.

நவம்பர் 17, ஞாயிறு

முதல் நாள் யாரும் தன்னிஷ்டத்துக்கு இறங்க முடியாது. விதிகளைச் சொல்லி, தங்குமிடத்துக்கு எதிரிலேயே ஒரு சோதனை முக்குளிப்பு. எடை சரியா, மிதப்பு கட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளை விடுகிறார்கள். கையுறை கூடாது. கையுறை போட்டவன் எதையாவது பிடிப்பான் என்பது காரணம், சரியான காரணமும்கூட. பவளத்தைத் தொடக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது. பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் 2021 முதல் தீவில் விற்பதே இல்லை.

இதெல்லாம் நேற்று முளைத்த கட்டுப்பாடு இல்லை. ஆமை முட்டைக்குப் பாதுகாப்பு 1961-இல், ஈட்டியால் மீன் குத்தத் தடை 1971-இல், பவளம் எடுக்கத் தடை 1975-இல், கடல் பூங்கா 1979-இல். பூங்கா என்றால் ஒரு மூலையை வேலி போட்டது அல்ல. தீவைச் சுற்றி, உயர்நீர்க் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை எல்லாமே. படகுகள் நங்கூரம் போடக்கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். இந்த ஊர் டைவிங்கின் பிதாமகன் என்று சொல்லப்படும் கேப்டன் டான் ஸ்டூவர்ட், 1962-இல் பாய்மரக் கப்பலில் இங்கே ஒதுங்கிய அமெரிக்கர். ஆரம்பத்தில் ஈட்டியோடு திரிந்தவர், பிறகு மிதவைகளுக்காக வாதாடியவர். 2014-இல்தான் காலமானார்.

சோதனை முக்குளிப்பு என்று அசட்டையாகத்தான் இறங்கினேன். படிக்கட்டைத் தாண்டி ஆறு மீட்டரில் ஒரு பேய்க்கணவாய், கல்லின் நிறத்துக்கு மாறிக் கிடந்தது. நான் நின்றுவிட்டேன். மச்சினன் மணிக்கட்டுக் கணினியைத் தட்டிக்காட்டி, கீழே போகலாம் என்று கட்டைவிரலைக் கவிழ்த்தான். தலையாட்டி மறுத்தேன். கால் மணி நேரத்தில் அது கல்லை விட்டு நகர்ந்து, இரண்டு கைகளால் மணலைத் துழாவி, ஒரு நண்டை அமுக்கியது. அவனும் பார்த்தான். மேலே வந்ததும், "ஆழம் ஆறு மீட்டர்னு எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க அத்தான்" என்றான்.

நவம்பர் 18, திங்கள்

காலையில் 'ஆயிரம் படிகள்'. உண்மையில் அறுபத்துச் சொச்சம்தான். டேங்கும் ஈய எடையும் சுமந்து திரும்பி ஏறும்போது பெயரில் பொய் இல்லை என்று தெரிகிறது. கரையில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீருக்குள் உருளும் பவளத் துண்டுகள். தடித்த அடி வைத்த காலணி இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. இடுப்பளவு நீர் வந்ததும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கால்துடுப்புகளை மாட்டுவது, அலை வந்தால் முட்டியை மடக்குவது, அப்புறம் நீந்திப் போனால் பத்து மீட்டர் ஆழத்தில் தரை சரிய ஆரம்பிக்கும். அந்தச் சரிவுதான் எல்லாம்.

அங்கிருந்து வடக்கே போகும் சாலை ஒருவழிப் பாதை. ஏதாவது மறந்துவிட்டால் ரிங்கோன் கிராமம் வழியாகத் தீவை அரைச்சுற்று சுற்றித்தான் திரும்ப வேண்டும்.

மாலையில் நடந்ததுதான் இன்றைய விசேஷம். முந்தாநாளுக்கு முந்தின நாள் பௌர்ணமி. அதற்குப் பிந்தைய சில இரவுகளில் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து ஆஸ்ட்ரகாட் ஒளி ஆரம்பிக்கும் என்று தங்குமிடத்தில் அட்டவணையே ஒட்டியிருந்தார்கள். அது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த எள்ளளவு உயிர். பௌர்ணமிக்குப் பின் நிலா தினமும் தாமதித்து எழும். இன்று எட்டரைக்கு மேல்தான். மறைந்த சூரியனுக்கும் வராத நிலாவுக்கும் நடுவே கிடைக்கும் இருட்டில்தான் ஆண் ஆஸ்ட்ரகாட்கள் தங்கள் வேலையைத் தொடங்குகின்றன.

ஐந்து மீட்டரில் மென்பவளங்களுக்கு நடுவே முட்டி படாமல் மிதந்துகொண்டு விளக்கை அணைத்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முகத்துக்கு நேரே ஒரு நீலப் புள்ளி, அதற்கு மேல் இன்னொன்று, மேலே இன்னொன்று. ஒரு சரம் தொடங்கி முடியும் முன் பக்கத்தில் வேறு சரம். ஆண் நீந்திக்கொண்டே மேலுதட்டுச் சுரப்பியிலிருந்து ஒளிரும் சளியைச் சொட்டுச் சொட்டாகத் துப்பிப் போகிறது. சொட்டுக்கும் சொட்டுக்கும் உள்ள இடைவெளி இனத்துக்கு இனம் வேறு. பெண் தன் இனத்தின் கணக்கைப் படித்து வந்து சேரும். சற்று நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனபோது, மூச்சுக்குமிழி காதோரம் போகும் திசையை வைத்துத்தான் உடலை நிமிர்த்திக்கொண்டேன்.

தூரத்தில் ஒரு குழு விளக்கோடு வந்தது. அந்தப் பக்கம் சட்டென்று எல்லாம் அணைந்தது. அவர்கள் எதையும் பார்க்காமலே கடந்துபோனார்கள்.

மச்சினன் தன் பட்டியலில் இதற்கு ஆழக் கட்டத்தை நிரப்பவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று அவன் நாள். ஹில்மா ஹூக்கர்.

72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். 1984-இல் எந்திரக் கோளாறோடு இங்கே இழுத்து வரப்பட்டது. அதிகாரிகள் சோதித்தபோது போலிச் சுவருக்குப் பின்னால் சுமார் 11 டன் கஞ்சா. உரிமையாளர் என்று யாரும் வந்து நிற்கவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த கப்பலில் நீர் கசிந்தபடி இருக்க, துறையிலிருந்து நகர்த்தி வேறிடத்தில் கட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12-இல் கவிழ்ந்து மூழ்கியது. இரண்டு பவளத் திட்டுகளுக்கு நடுவே, வெறும் மணலில், வலப்பக்கமாகச் சாய்ந்து, சுமார் 30 மீட்டரில் கிடக்கிறது. டைவர்களே இடம் பார்த்துப் படுக்க வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை மறுக்கிறவர்களும் சிரித்துக்கொண்டேதான் மறுக்கிறார்கள்.

32 சதவீத நைட்ராக்ஸ், அதாவது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று, எடுத்துக்கொண்டோம். அந்தக் கலவைக்கு 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதால் கப்பலின் அடி மணல்தான் எல்லை. அது பெரிய உருவம், சந்தேகமில்லை. உந்துவிசிறியின் பக்கத்தில் மனிதன் சிறுத்துப்போகிறான். ஆனால் அந்த ஆழத்தில் நிமிடங்கள் கரைகிற வேகத்துக்கு எதையும் நின்று பார்க்க முடிவதில்லை; கணினி அனுமதித்த நேரத்தில் ஒரு சுற்று, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது திரும்பும் வழி. கரையோரத் திட்டில் எட்டு மீட்டரில் ஒரு கடல்குதிரை, வாலைக் கடற்பஞ்சில் சுற்றிக்கொண்டு.

"ஒத்துக்கோங்க அத்தான், கப்பல் பிரமாதம்." ஒத்துக்கொண்டேன். பிரமாதம்தான்.

நவம்பர் 20, புதன்

படகில் குட்டி பொனேர். எதிரே தட்டையாகத் தெரியும் ஆளில்லாத் தீவு. ஓட்டல் வந்துவிடாமல் இருக்க 1999-இல் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கி, பிறகு பூங்காவோடு சேர்த்தார்கள். நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போனோம். ஓர் அழுங்காமை கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்றுகொண்டு எங்களைச் சட்டையே செய்யவில்லை. படகில் பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேர் கேமராத் தடியோடு. எனக்குக் கரைதான் சரி.

நவம்பர் 21, வியாழன்

எழுதப் பிடிக்காத ஒன்றை எழுத வேண்டும். நாங்கள் பார்த்த இடங்களில் மூளைப் பவளங்கள் பல செத்துக் கிடக்கின்றன. ஆளுயர உருண்டை, ஒரு பக்கம் பழுப்பாக உயிரோடு, மறுபக்கம் எலும்பு வெள்ளை, இன்னும் தள்ளிப் பாசி படிந்து சாம்பலாக. மூன்று நிறமும் ஒரே உடலில். கற்பவளத் திசு அழிவு நோய். 2014-இல் மயாமி அருகே முதலில் கண்டார்கள். 2023-இல் இங்கே வந்து சேர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்குகிறது. எந்தக் கிருமி என்று இன்னும் அறுதியாகவில்லை. தூண் பவளம், மூளைப் பவளம் எல்லாம் வார, மாதக் கணக்கில் போய்விடுகின்றன. அவை வளர எடுத்தது நூற்றாண்டுகள். தங்குமிடத்தில் ஒவ்வொரு முக்குளிப்புக்கும் பிறகு கருவிகளைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கச் சொல்கிறார்கள். முக்குகிறோம்.

சட்டங்கள் அத்தனை இருந்தும் இப்படியா என்று மச்சினன் கேட்டான். நியாயமான கேள்வி. நங்கூரத்தையும் ஈட்டியையும் தடுக்கலாம், நீரில் வரும் நோயையும் ஏறும் வெப்பத்தையும் எந்தக் காவலர் நிறுத்துவார்? 1983-84-இலும் ஒரு கொள்ளைநோய் கரீபியன் முழுவதும் நீள்முள் கடல் முள்ளெலிகளை அழித்தது. பாசி மேய ஆளில்லாமல் பவளங்கள் மூடிப்போயின. பாசி மேய மிச்சமிருப்பவை கிளிமீன்கள். அதனால்தான் 2010-இல் இங்கே கிளிமீன் பிடிக்கத் தடை வந்தது. மற்ற கரீபியன் தீவுகளில் கிளிமீன் தட்டில் வருவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அவை கூட்டம் கூட்டமாகக் கல்லைக் கொறிக்கும் சத்தம் நீருக்குள் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. தடை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

மரம்போல் கிளைவிட்ட சட்டகங்களில் மான்கொம்புப் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றையும் பார்த்தோம். இந்த நோய் அந்த இனத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

இரவு உணவுக்குச் சிங்கமீன். மன்னார் வளைகுடாவில் அது ஊர்க்காரன், இங்கே வந்தேறி. அட்லாண்டிக்கில் 1985 வாக்கில் ஃப்ளோரிடா பக்கம் தலைகாட்டி, 2009-இல் பொனேரை எட்டி, குஞ்சு மீன்களை விழுங்கித் தள்ளுகிறது. ஈட்டித் தடைக்கு இதற்கு மட்டும் விலக்கு, அதுவும் அனுமதி பெற்றவர்களுக்கு. விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. வெள்ளைச் சதை, நெத்திலியை வறுத்தெடுப்பதுபோல் இன்னும் கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்.

நவம்பர் 22, வெள்ளி

நாளை விமானம். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும் என்பதால் இன்று தண்ணீரில் இறங்கவில்லை. பிக்கப்பைத் தெற்கே விட்டோம்.

உப்பளங்கள். பாத்திகள் இளஞ்சிவப்பு, உப்புநீரில் வாழும் நுண்ணுயிர் தரும் நிறம். தூரத்தில் செங்கால் நாரைகளா என்றான் மச்சினன், இல்லை, ஃபிளமிங்கோக்கள், பூநாரை. குவித்த உப்பு மலைகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. தூத்துக்குடியில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் உப்பு மலை புதிதில்லை. ஆனால் சாலையோரம் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் கல்குடில்கள் புதிது. 1850-இல் கட்டியவை. உப்பளத்தில் வேலை செய்த அடிமைகள் படுக்க. வாசல் என் இடுப்பளவுக்குத்தான். குனிந்து நுழைந்தேன், உள்ளே நிமிர முடியவில்லை. வாரக் கடைசியில் அவர்கள் ரிங்கோனில் இருந்த குடும்பத்தைப் பார்க்க மணிக்கணக்கில் நடந்து போயிருக்கிறார்கள். விடுதலை 1863 ஜூலை 1-இல்தான் வந்தது.

அந்தக் குடில்களுக்கு எதிரிலேயும் மஞ்சள் கல் கிடக்கிறது. அந்தத் தளத்தின் பெயரே 'வெள்ளை அடிமை'. உப்புக் கப்பல்களுக்கு வழிகாட்ட நட்ட வண்ணத் தூண்களில் வெள்ளைத் தூண் இங்கே நின்றதால் அந்தப் பெயர். நான்கு பேர் சிரித்துக்கொண்டு டேங்க் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று நாங்களும் இப்படி எங்கேயாவது நின்றிருப்போம். மச்சினன் பட்டியலில் அந்தத் தளம் இருந்தது, கட்டம் காலி. அடுத்த முறை என்றான்.

"அடுத்த முறை ஜனவரியில வரணும் அத்தான். நாப்பது டாலருக்கு வருஷம் முழுக்க."

வராந்தாவில் ஈர உடுப்புகள் காய்கின்றன. காலணிகள் காயவில்லை, நாற்றம் தாங்கவில்லை. அவற்றை அவன் பெட்டியில் வைப்பதா என் பெட்டியில் வைப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. என் பெட்டியைத் திறப்பது அவன் அக்காதான் என்பதால் அவன் பெட்டிதான் என்று நான் சொல்கிறேன்.