கோழித் தீவனமும் கருவாட்டு உப்பும்

போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கேட்டார். "கோழி நல்லாத்தான் திங்குது தம்பி, இரைப்பை புடைச்சுக்கிட்டு நிக்குது, முட்டை மட்டும் இட மாட்டேங்குதே?" என்ன போடுகிறீர்கள் என்றேன். பழைய சோறு, குருணை, அவ்வளவுதான் என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. குருணையில் புரதம் 100க்கு 8 அளவில்தான் இருக்கும். முட்டையிடும் கோழிக்குக் குறைந்தது 16 வேண்டும். மழைக்காலத்தில் மேய்ச்சலில் கிடைக்கும் புழு பூச்சி அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவிடும், ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் பக்கத்து எங்கள் உச்சிப்புளி மணலில் கோழி எதைக் கிளறித் தின்னும்? கம்பெனித் தீவனம் மூட்டை மூட்டையாக வாங்க, 12 நாட்டுக்கோழி வைத்திருக்கிற எனக்குக் கட்டுப்படியாகாது.

நமக்குக் கடல் இருக்கிறது. வலையை உதறும்போது விழும் பொடிக் காரல், விலைபோகாத சில்லறை மீன், இதையெல்லாம் உப்புப் போடாமல் வெறும் வெயிலில் காயவைத்து இடித்தால் பாதிக்குப் பாதி புரதம். உப்புப் போடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டுத் தூளை வாங்கி வந்து 20 நாள் குஞ்சுகளுக்குப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் 11 குஞ்சும் தண்ணீர்த் தட்டை விட்டு நகரவில்லை, குடித்துக் குடித்து இரைப்பை தண்ணீர்ப் பை மாதிரி ஆடியது, எச்சம் வெறும் தண்ணீராகப் போனது. விடியும்போது 7 செத்துக் கிடந்தன. தீவனத்தில் உப்பு 100க்கு அரை பங்கைத் தாண்டக் கூடாது, கருவாட்டிலோ அது பல மடங்கு, போதாததற்கு எங்கள் போர் தண்ணீரும் உவர். இப்போது ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த மீனையும் சேர்ப்பதில்லை. கோழிக்குக் குடிக்க நல்ல தண்ணீர்தான்.

என் கலவை 10 கிலோவுக்கு இப்படி: குருணையும் கம்பும் சேர்த்து 5 கிலோ, தவிடு 2, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை, மீன் தூள் 1, இடித்த மட்டிச் சிப்பி அரை கிலோ. முட்டையில் மீன் வாடை வந்தால் மீனைப் பாதியாக்கிப் புண்ணாக்கைக் கூட்டுங்கள். மேய்ச்சலும் இருப்பதால் கோழிக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் போதுகிறது. முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் அரை மணி நேரத்தில் காம்புதான் மிச்சம்.

சிப்பியை விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடே இல்லாமல் தோல்முட்டை வரும், கையில் எடுத்தால் ஈரப் பலூன் மாதிரி அமுங்கும். கரையில் ஒதுங்கும் மட்டி ஓடே போதும், நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து இடித்து ஒரு தனிச் சட்டியிலும் வைத்துவிடுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். பவளக்கல்லைத் தொடவே கூடாது, சட்டப்படி குற்றம். குஞ்சுகளுக்கு மட்டும் சிப்பி வேண்டாம், அந்த வயதில் சுண்ணாம்பு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். அவற்றுக்குக் கரையான் மாதிரி தீனி கிடையாது. பழைய பானையில் சாணியும் தென்னை மட்டைத் துண்டும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று மண்ணுக்குப் பக்கத்தில் ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் தட்டினால் குஞ்சுகள் ஓடிவரும் வேகத்தைப் பார்க்க வேண்டும்!

அசோலா என்று தண்ணீரில் மிதந்து வளரும் பச்சைத் தீவனம் ஒன்று, அதை வளர்க்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். உவர் தண்ணீரில் அது எனக்கு இரண்டு முறை கருகிப்போனது, குடிதண்ணீரை விலைக்கு வாங்கி அதற்கு ஊற்ற மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, பொடி மீன் வரத்து குறைந்துவிடும். பங்குனியிலேயே ஒரு சாக்கு காயவைத்துப் பலகை மேல் ஏற்றி வையுங்கள். கடல் காற்றில் ஈரம் அதிகம், புண்ணாக்கில் பூஞ்சை படிந்திருந்தால் ஒரு கைப்பிடிகூடப் போடாதீர்கள், காசு போனாலும் போகட்டும்.