இரண்டாவது டேக்

தென்னாப்பிரிக்காவில் தேசியத் தொலைக்காட்சி 1976 ஜனவரி 5 அன்றுதான் தொடங்கியது. அப்போது அதில் ஒலித்தவை ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் மட்டுமே. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் பேசிய தமிழுக்கு அந்தத் திரையில் இடமில்லை. டர்பனில் வளர்ந்த நான் இயக்குநரானதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம்.

தொடக்கத்தில் பல ஆண்டுகள் தொடர் நாடகங்களை இயக்கினேன். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து எந்தக் காட்சி எப்போது வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை அது. வேகம் பழகியது. பிசகினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பழகிவிட்டது. ஆவணப்படத்துக்கு வந்தபோது அந்த எண்ணமே எனக்குத் தடையாயிற்று.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வர்த் பகுதிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஒரு படம் எடுத்தேன். அதில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆயா, தம் தாயிடம் கேட்ட தாலாட்டைத் தாமாகவே பாடத் தொடங்கினார். பாதியில் பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் ஓடியது. நான் நிறுத்தச் சொல்லி, சத்தம் அடங்கிய பிறகு, “இன்னொரு முறை பாடுங்கள், ஆயா” என்று கேட்டேன். குரல் தெளிவாகவே பதிவாயிற்று. ஆனால் இரண்டாம் முறை அவர் கேமராவுக்காகப் பாடினார். முதல் முறை சன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்திருந்த கண்கள் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தன. இயந்திரச் சத்தத்தோடு நின்றுபோன முதல் டேக்கைத்தான் படத்தில் வைத்தேன். அதை நான் நிறுத்தியிருக்கவே கூடாது.

ஒளிபரப்பிய நிறுவனத்தில் இருந்தவர்கள் பாட்டின் மேல் ஆங்கில விளக்கக் குரலைப் போடச் சொன்னார்கள். வசனவரிகள் போதும் என்று பல நாள் வாதாடி அதைத் தடுத்தேன். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் குரலை இன்னொரு குரலால் மூடுவது தவறு என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆனால் வசனவரிகளை எழுத உட்கார்ந்தபோதுதான், பாட்டின் பொருள் ஆயாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். அழும் பிள்ளையைப் பார்த்து, உன்னை அடித்தவர் யார் என்று தாய் கேட்கும் இடம் வந்ததும் கையமர்த்தினார். அவர் தமிழ் பேசி வளர்ந்தவர் அல்லர். அதுவரை அதை வெறும் ஓசையாகவே பாடி வந்திருக்கிறார். கரும்புத் தோட்டத்திலிருந்து தாய் இருட்டிய பிறகு திரும்பி வந்ததையும், காயம்பட்ட கைகளோடு தம்மை மடியில் போட்டுக்கொண்டு இதைப் பாடியதையும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் மெல்லப் பாடினார். அன்று என்னிடம் கேமரா இல்லை. திரும்பப் பாடச் சொல்லவும் இல்லை.