தாளின் மறுபக்கம்

சென்ற வாரம் மேசை இழுப்பறையை ஒழித்தபோது, ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் வெள்ளையாகவே கிடந்த தாள்கள் ஒரு கட்டு அளவுக்குத் தேறின. ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம் என்றால், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. மரச் சீவல்களை வேதிப்பொருள்களோடு வேகவைத்துக் கூழாக்கும்போது மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் நாராக மிஞ்சும். நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் முதலியவை கரைந்து கருஞ்சாறாகப் பிரிந்துவிடும். அதை ஆலைகள் வீணாக்காமல் எரித்து ஆற்றல் எடுத்துக்கொள்கின்றன என்றாலும், என் இழுப்பறைக் கட்டுக்காகச் சில கிலோ மரம் வெட்டுப்பட்டதும், தண்ணீரும் மின்சாரமும் செலவானதும் இல்லையென்று ஆகிவிடாது.

இத்தனைக்கும், காகிதம் பிறந்ததே கழிவிலிருந்துதான். கி.பி. 105-இல் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன் கந்தல் துணியையும் பழைய மீன்வலையையும் மரப்பட்டையோடு சேர்த்துக் காகிதம் செய்ததாகச் சொல்வார்கள். அச்சடித்த தாளிலிருந்து மையை நீக்கி மீண்டும் தாளாக்கும் முறையை ஜெர்மனியின் சட்ட அறிஞர் கிளாப்ரோத் 1774-லேயே எழுதிவைத்தார். மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையை அதே நாட்டு நெசவாளர் கெல்லர் கண்டறிந்தது அதற்கு 70 ஆண்டுகள் கழித்துத்தான்.

மறுசுழற்சி ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் கலக்கி நார்களைப் பிரிக்கிறார்கள். சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்துக் காற்றைச் செலுத்தினால், மைத்துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே மிதக்கும், அதை வழித்தெடுத்துவிடுகிறார்கள். மரத்திலிருந்து புதிதாகக் கூழ் எடுப்பதைவிட இதற்குப் பொதுவாக ஆற்றல் குறைவாகவே தேவைப்படும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகி வலுவிழக்கிறது. ஐந்திலிருந்து ஏழு முறைக்குமேல் பொதுவாகத் தாங்காது. ஆகவே, மறுசுழற்சிக்குத்தான் போகிறதே என்று எண்ணி ஒரு தாளை அரைகுறையாகப் பயன்படுத்தித் தள்ளிவிடுவது, அதன் பிறவிகளில் ஒன்றை நாமே வீணடிப்பதற்குச் சமம் என்பேன்.

நாம் சேர்த்துப் போடும் தாளின் தரமும் இதில் முக்கியம். எண்ணெய் ஊறிய தாள் கூழைக் கெடுக்கும். காகிதக் கோப்பையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால், அதற்கெனத் தனி வசதி இல்லாத ஆலைக்கு அது தொல்லை. கடை ரசீதை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தால் அச்சாகும் தாள். அப்படிப்பட்ட பலவற்றின் பூச்சில், உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய பிஸ்ஃபினால் வகை வேதிப்பொருள் இருப்பதால், நல்ல தாளோடு அதைக் கலக்கக் கூடாது. அதற்காக எல்லாவற்றையும் குப்பைமேட்டில் புதைத்துவிடவும் முடியாது. காற்றுப் புகாத ஆழத்தில் மட்கும் காகிதம் மீத்தேனை வெளியிடும், அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இழுப்பறைக் கட்டிலிருந்து ரசீதுகளை நகக்கீறல் பார்த்துத் தனியே ஒதுக்கினேன். மீதியை நான்காக மடித்துக் கிழித்துக் கிளிப் போட்டுவைத்திருக்கிறேன். இந்தப் பதிவின் முதல் வரைவு அதில்தான் இருக்கிறது.