கணவன் மனைவி வாடகை வீடுகள்: எல்.எல்.பி.யா, கூட்டுப் பெயரா?

வாடகை வீடு இரண்டு மூன்று சேர்ந்ததுமே ‘எல்.எல்.பி. (வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) போட்டுவிடுங்கள், வரி குறையும்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் நேர்மாறாக வருகிறது.

ஆண்டு வாடகை 12 லட்சம், கட்டிய சொத்து வரி 40,000 என்று வையுங்கள். மீதி 11.60 லட்சத்தில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் அப்படியே கழியும். நிஜமாகவே வெள்ளையடித்தீர்களா என்று யாரும் பில் கேட்பதில்லை. வரிக்குரியது 8.12 லட்சம். எல்.எல்.பி. என்றால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்; வரிமேல் போடும் செஸ்ஸோடு 2,53,344 ரூபாய். அதே வருமானம் இருவருக்கும் பாதிப் பாதியாக வந்தால் தலைக்கு 4.06 லட்சம்தான். வேறு வருமானம் இல்லாவிட்டால், 2025-26 நிதியாண்டுக் கணக்கில் புதிய வரி முறையில் வரியே கிடையாது. பிரைவேட் லிமிடெட்டில் 22 சதவீதம் என்பார்கள். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் 25.168. லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் அதற்குத் தனியாக வரி. சொந்தப் பெயரில் உள்ள வீட்டைக் கம்பெனிக்குக் கிரயம் செய்ய, தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் போய்விடும். ஹாஸ்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட் மாதிரி தொழிலாகவே நடத்துகிறவர்கள் வேண்டுமானால் எல்.எல்.பி.யை யோசிக்கலாம்.

ஆகவே கூட்டுப் பெயரையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே எழுதவேண்டும். அந்தப் பங்குக்கான பணம் அவரவர் கணக்கிலிருந்து போயிருக்கவேண்டும். மனைவி நகையை விற்றுப் போட்டிருந்தால் அந்த ரசீதைப் பத்திரத்தோடு வையுங்கள்.

பலர் சறுக்குவது செட்டில்மென்டில், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிவைப்பதில். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 என்பதால் கணவர் பாதி வீட்டை மனைவிக்கு எழுதிவைக்கிறார். உரிமை மாறுகிறது, வருமான வரி மாறுவதில்லை. பணம் வாங்காமல் கொடுத்ததால், அந்த வாடகையும் கணவர் வருமானத்தில்தான் சேரும்.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் பங்கும் வரட்டும். வாடகையைப் பிரித்து இரண்டு கணக்கில் போடச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பது கம்பெனியானால் இருவர் பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். மாதம் 80,000 வாடகை தலைக்கு 40,000 ஆகிவிடுவதால், மாதம் 50,000 வரம்புக்குள் அடங்கி டி.டி.எஸ். (வாடகை கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கமாட்டார்கள். ஒரே பானைக் கொடுத்தால் மொத்தத்துக்கும் 10 சதவீதம் பிடிப்பார்கள். அது முழுக்க ஒருவர் பெயரிலேயே ஏறும்.