அமாவாசையன்று ஒரு பிறை

செப்டம்பர் 19, 2025, வெள்ளி

காலை நாலே முக்காலுக்கு மொட்டைமாடி. மதுரை தெப்பக்குளத்துக்குப் பின்னால் எங்கள் தெருவில் கிழக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது, அடுக்குமாடி எதுவும் வரவில்லை. சுக்கிரனும் மக நட்சத்திரமும் ஒட்டி நின்றன. அதற்கு மேலே தேய்பிறை, கீழ்விளிம்பில் மட்டும் வெளிச்சம். மீதி வட்டம் சாம்பல் பூசியதுபோல் மங்கலாகத் தெரிந்தது. பூமியில் படும் வெயில்தான் அங்கே போய் அப்படி விழுகிறது. நிலவில் நின்று பார்த்தால் இந்நேரம் நாம் ஏறக்குறைய பௌர்ணமி.

ஞாயிறு மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்கத் திருப்புவனம் போக வேண்டும். எள், பச்சரிசி, வாழைக்காய் என்று அம்மா இப்போதே லிஸ்ட் போட்டுவிட்டாள். லிஸ்டில் இல்லாத ஒன்றும் பையில் வரும்: என் 10×50 பைனாகுலர்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. தெருவில் கோவிந்தா சத்தம் தொடங்குவதற்குள் பார்த்துவிட்டேன். நிலவு சுக்கிரனுக்குக் கீழே இறங்கிவிட்டது. கீற்று நேற்றில் பாதி.

சூரியனும் நிலவும் நேராகச் சேர்வது 22ஆம் தேதி பிறந்து அதிகாலை 1.24க்கு. அப்படியானால் நாளை விடியும்போது பாக்கி பத்தொன்பதரை மணி நேரம். இந்த வாரம் நிலவு தொலைவில் இருப்பதால் நடையும் மெதுவு. சூரியனிலிருந்து 9 பாகை தள்ளி இருந்தால் அதிகம். அந்தப் பிறை வெறுங்கண்ணுக்குச் சிக்காது, பைனாகுலரில் வாய்ப்பு உண்டு.

செப்டம்பர் 21, ஞாயிறு

பார்த்தேன்!

நாலரைக்குக் கிளம்பி ராமேஸ்வரம் ரோட்டில் பைக். விரகனூர் தாண்டியதும் தெருவிளக்கு குறைந்து சுக்கிரன் பளிச்சென்று வந்தது. திருப்புவனத்தில் அதற்குள் நல்ல கூட்டம். வைகையில் மணலும் நாணலும்தான், ஓரமாக ஒரு குட்டை. ஐயரிடம் பெயர் சொல்லிவிட்டு, வரிசையில் செருப்பைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறினேன்.

வழி இதுதான்: கையை நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. சுக்கிரனிலிருந்து இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே, சூரியன் வரப்போகிற இடத்துக்குச் சற்று இடப்பக்கம். 5.40 முதல் துழாவினேன். தென்னந்தோப்புக்கு மேல் மூட்டம், வேறொன்றும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. வந்ததும் வராததுமாக எதிர்க்கரை பேனரைப் பைனாகுலரில் படித்தேனே, அதில் போகஸ் மாறிவிட்டது. போகஸ் துளி தவறினாலும் இந்தப் பிறை வானத்தோடு கரைந்துவிடும், கண்முன்னே இருந்தாலும் தெரியாது. சுக்கிரனை வைத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி இறங்கினேன்.

5.51. கிடைத்தது.

முழு வளைவு இல்லை. தோணியின் அடிப்பக்கம் மட்டும், அதுவும் நடுவில் இரண்டு இடத்தில் அறுந்ததுபோல். கொம்பு இரண்டும் மேலே வருவதற்குள் தீர்ந்துவிட்டன. சாம்பல் வட்டமும் இல்லை. அப்பா தையல்காரர். ஊசியில் கோக்குமுன் நூல்நுனியை எச்சில் தொட்டு முறுக்குவார். அந்த நுனிதான் நினைவுக்கு வந்தது. பைனாகுலரை இறக்கினால் இல்லை, ஏற்றினால் இருக்கிறது.

ஐயரே தேடிக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி, உங்க முறை. அங்க என்ன?"

"பிறை, சாமி."

"இன்னைக்கு அமாவாசைப்பா."

பைனாகுலரைக் கொடுத்தேன். சூரியன் வரப் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு என்றால் கொடுத்திருக்க மாட்டேன், கண் போய்விடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். "ஆமா, இருக்கு." திதிக் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். கையமர்த்தினார். "சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைவெளி பன்னிரண்டு பாகை மாறினா ஒரு திதி. கடைசிப் பன்னிரண்டு பாகை அமாவாசை. ராத்திரி பன்னிரண்டேகாலுக்கே பிறந்தாச்சு. கணக்கு தெரியும், கண்ணால பார்த்ததில்லை."

பிறகு உட்காரச் சொல்லி, அப்பா பெயரைக் கேட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

மாலை. டீக்கடை பாய்க்கு இன்று ரபீயுல் அவ்வல் மாதம் 29, பிறை தேட வேண்டிய நாள். தெரியாவிட்டால் மாதத்துக்கு முப்பது நாள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு வந்தார். இன்று தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். "தெரியாட்டியும் பார்க்கணும்ல," என்றார்.

சூரியன் மறைந்தது 6.14க்கு. பிறையின் வயது 17 மணி நேரம்கூட ஆகவில்லை. வெறுங்கண்ணில் பார்த்ததில் சாதனை, 1990 மே மாதம் ஸ்டீபன் ஓமியரா பார்த்த 15 மணி 32 நிமிடப் பிறை. அப்படியென்றால் 17 எளிதுதானே என்று பாய் மடக்கினார். வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்பதுதான் முக்கியம், மெதுவாக நடக்கிற நிலவு இன்று 8 பாகையைத்தான் தாண்டியிருக்கிறது. சுமார் 7 பாகைக்குள் பிறை என்று ஒன்றே கண்ணுக்குத் தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஷோன் 1930களில் சொன்னார். போதாததற்குப் புரட்டாசி மாலையில் நிலவின் பாதை தெற்கே சரிந்து கிடக்கும், பிறை தாழவே நிற்கும். மாசி, பங்குனி என்றால் கதை வேறு.

ஆறே முக்கால் வரை நின்றோம். மேற்கே இடிமேகம்தான் வந்தது. "சரி, முப்பது," என்று பாய் இறங்கிப்போனார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பரங்குன்றத்துக்கு வலப்பக்கம், 6.31. தேடவே வேண்டியதில்லை, தெருப் பையன்கள்கூடக் கை காட்டினார்கள். நாற்பத்தோரு மணி நேரப் பிறை, கொழுத்துவிட்டது. மூன்றாம் பிறை என்று அம்மா கும்பிட்டாள். அமாவாசையை ஒன்றாக வைத்து எண்ணினால் இன்று மூன்று. ஞாயிறு காலையில் பார்த்தேனே, அதை எதில் சேர்ப்பது என்று கேட்டேன். "அது அப்பா கணக்கு," என்றாள்.

செப்டம்பர் 24, புதன்

நாலாம் பிறை. பார்த்தால் நாய் படாத பாடு. கொலு வீட்டுச் சுண்டலை அம்மா மாடிப்படி ஆறாவது படியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடியே இறங்கிப் போனாள்.