கடைசல் இயந்திரத்துக்கு விலை சொல்லுதல்

மரம் கடையும் பழைய கடைசல் இயந்திரத்துக்கு விலை சொல்ல யாராவது அழைத்தால், முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்வேன். விற்பவர் மோட்டாரைப் போட்டுக் காட்டத்தான் ஆசைப்படுவார். அந்த இரைச்சலில் குறை எதுவும் பிடிபடாது. பெல்ட் இல்லாமல் சுழல்தண்டைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பெயாரிங் தேய்ந்திருந்தால் விரல் நுனியில் மணல் நெரிவதைப் போல உணரலாம். பிறகு தண்டைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பேன். ஆட்டம் பெயாரிங்கில் என்றால் கவலையில்லை, அது கடையில் கிடைக்கும். தண்டே தேய்ந்திருந்தால் கதை வேறு.

யாழ்ப்பாணத்தில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பதுதான் என் கணக்கு. எரிந்த மோட்டாருக்கு இங்கேயே கம்பி சுற்றித் தருவார்கள். திறீ பேஸ் மோட்டார் என்றால் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்றபடி மாற்றும் செலவைக் கழிக்க வேண்டும். புதுப் பெயின்ட்டுக்கு நான் ஒரு சதமும் கூட்டுவதில்லை. வெடித்த வார்ப்பிரும்பை மட்டும் ஒட்டுப் போட்டாலும் நம்ப மாட்டேன். ஸ்பானரால் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், வெடித்தது மந்தமாக ஒலிக்கும்.

கொக்குவிலில் தகப்பனார் விட்டுப்போன மைஃபோர்ட் எம்.எல்.8 என்ற மரக் கடைசல் இயந்திரம் ஒன்றை மகன் விற்க நின்றார். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது ஓய்ந்தது; 1995 இடப்பெயர்வில் கொட்டிலோடு விட்டுப் போனார்கள். மோட்டார் இல்லை, மேலெல்லாம் துரு. "பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடட்டுமா அண்ணை?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இப்படி நிறுவைக்குப் போய் உடைந்த நல்ல இயந்திரங்கள் இந்த ஊரில் எத்தனையோ.

துருவைத் தேய்த்தபோது அடியில் குழி விழவில்லை. மரத்தின் மறுமுனையைத் தாங்கும் பின்தலையைத் தள்ளி, சுழல்தண்டு இருக்கும் முன்தலையோடு சேர்த்தேன். இரண்டு கூர்களும் நேருக்கு நேர் தொட்டன. அந்த ஒன்றுக்காகவே இரும்பு விலையைப் போல பல மடங்கு கொடுக்கலாம். தண்டின் மூக்கில் ஓர் அங்குலப் புரி, அங்குலத்துக்கு 12 சுற்று. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக், இன்று பரவலாக விற்பது, அதில் நேராக ஏறாது. இடையில் போட ஒரு இணைப்பை இரும்பு கடையும் லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். அந்தச் செலவை மகனிடம் மறைக்காமல் சொல்லிக் கழித்தேன்.

உளிப் பெட்டியை அவர் சும்மா தருவதாகச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சாணையில் தொட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் பொறி வெள்ளையாகக் கிளைத்துச் சிதறியது: கார்பன் எஃகு. பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தில் அது சீக்கிரம் மழுங்கும், சாணையில் நீலம் பாய்ந்தால் பதமும் போய்விடும். சிலவற்றில் மட்டும் பொறி மங்கிய சிவப்பாகக் குறைவாக வந்தது. அவை ஹைஸ்பீட் எஃகு. அவற்றுக்குத் தனி விலை எழுதிக் கொடுத்தேன்.